ரசமட்டம் வைத்துப் பார்த்த அண்ணாச்சிக்கும் மற்ற எல்லாருக்கும்

தென்காசிப் பக்கத்து அம்மாக்களுக்கும் ஆச்சிகளுக்கும் அண்ணாச்சிகளுக்கும் வணக்கம்.

சென்னை திரும்பி ஒரு வாரம் ஆகிறது. பெட்டிகளை இன்னும் முழுசாகப் பிரிக்கவில்லை. பெயர் எதுவும் இதில் போடவில்லை. பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு, படிவத்தில் அப்படித்தான் வாக்குக் கொடுத்திருக்கிறோம். யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளின் நடையை அளப்பது எங்கள் வேலை. இடுப்பிலிருந்து பாதம்வரை, ஒளி பட்டால் மின்னும் 16 சின்னப் பந்துகளை ஒட்டி, அகச்சிவப்புக் கேமராக்களில் பிடிப்போம். ஓர் உலோகப் பலகை, அடி வைக்கும்போது பாதம் எவ்வளவு அழுத்துகிறது என்று சொல்லும். முட்டி மடங்கி நடக்கிற பிள்ளையைக் கண்ணால் பார்த்தால் முட்டிதான் தெரியும். கோளாறு கெண்டைக்கால் தசை வலுவில்லாததாலும் இருக்கலாம். அது தெரியாமல் குதிகால் தசைநாரை நீட்டி ஆபரேஷன் செய்துவிட்டால் முட்டி இன்னும் மடங்கிப்போகும். சரி, பிள்ளைகளைச் சென்னைக்கு வரச் சொல்லலாமே? இரண்டு ராத்திரி ரயிலில் போகும், கூட வருகிறவருக்குக் கூலி போகும். அதோடு, ஏசி அறையில் மிரண்டுபோன பிள்ளை தன் நடையை நடக்காது. அதனால் பொதிகை எக்ஸ்பிரஸில் நாங்களே வந்தோம்.

பார்சலில் போட்ட கேமரா ஸ்டாண்டுகள் வந்து சேரவே இல்லை. கல்யாண போட்டோ எடுக்கும் தம்பி, கேட்ட அரை மணி நேரத்தில் தன்னுடையதைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

அப்புறம் பலகை. அது தரைக்கு மேலே நாலு விரல் உயரம் நிற்கும். சுற்றிலும் அதே உயரத்துக்கு நடைமேடை இல்லாவிட்டால் பிள்ளை ஏறி இறங்கும், அளவு கெட்டுவிடும். தச்சு வேலை பார்க்கும் அண்ணாச்சி வந்தார், குனிந்து பார்த்தார், "நாளைக்குக் காலைல வாங்க" என்றார். காலையில் போனால் மேடை தயார். ஒவ்வொரு இணைப்பிலும் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். ஓரிடத்தில் குமிழி மயிரிழை விலகியது. எங்கள் கண்ணுக்குத் தெரியவே இல்லை. கழற்றி, இழைத்து, மறுபடி பூட்டினார். பிளைவுட்டுக்கு மட்டும்தான் காசு வாங்கினார்.

கரண்ட் போன மத்தியானம், கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போக வேண்டிய ஜெனரேட்டரைத் திருப்பி எங்களிடம் அனுப்பிய சவுண்ட் சர்வீஸ் அண்ணாச்சி, டீசலுக்குக்கூடக் கணக்குச் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை.

வட்டார வள மையத்து இயன்முறை மருத்துவர் மேடம் இல்லாவிட்டால் முதல் நாளே மூட்டை கட்டியிருப்போம். எந்தப் பிள்ளை வலிப்பு மாத்திரை போட்டதும் தூங்கிப்போகும், எந்தப் பிள்ளை அப்பாவைப் பார்த்தால் நடக்க மறுக்கும் என்று அவருக்குத்தான் தெரியும். நேரப் பட்டியலை அவரே போட்டார்.

அம்மாக்கள் பீடித் தட்டோடு வந்து, காத்திருந்த நேரமெல்லாம் வெளித் திண்ணையில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். வெயில் பட்டால் கேமரா குழம்பும் என்று சொன்னதுதான் தாமதம், அடர்நிறச் சேலைகள் ஜன்னல்களில் ஏறிவிட்டன.

ஒரு சின்னப் பெண் கொலுசைக் கழற்றவே மாட்டேன் என்றாள். வெள்ளி மின்னினால் கேமரா அதையும் ஒரு பந்தாக எண்ணிக்கொள்ளும். திரையில் கணுக்காலுக்குப் பக்கத்தில் இல்லாத பந்துகள் குதித்தன. நாங்கள் கெஞ்சிக்கொண்டிருக்கையில் அவள் ஆச்சி முந்தானை ஓரத்தைக் கிழித்து, கொலுசைச் சுற்றிக் கட்டி, "இப்போ உன் கொலுசு தூங்குதுட்டி" என்றார். அவள் நடந்தாள். ஆறு முறை. எங்களிடம் உள்ள பதிவுகளில் அதுதான் சுத்தமானது.

ஒவ்வொரு பிள்ளையின் அளவும் தமிழில் ஒரே தாளில் வரும், அடுத்த வருகையில் கையில் தருகிறோம். பந்துகளை எண்ணினோம், ஒன்று குறைகிறது. கொலுசுக்காரியிடம் இருந்தால் அவளே வைத்துக்கொள்ளட்டும்.