டிரைவ் மேல் பழி போடுவதற்கு முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிஎன்சி மெஷின் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் மெஷின்) பராமரிப்பு வேலையில் இருக்கிறேன், ஒரு புலம்பல். திரையில் சர்வோ அலாரம் (ஆக்சிஸை, அதாவது மெஷினின் நகரும் அச்சை, ஓட்டும் மோட்டார் பக்கத்து எச்சரிக்கை) வந்துவிட்டால் போதும், ஒரு கவரைக்கூடத் திறந்து பார்க்காமல் "டிரைவ் போச்சு சார்" என்று, மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்து ஓட்டும் யூனிட் மேல் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். ஃபனுக் கம்பெனி கன்ட்ரோலில் 411-ஆம் எண் அலாரம் என்றால், ஆக்சிஸ் ஓடும்போது அது இருக்கவேண்டிய இடத்துக்கும் நிஜமாக இருக்கும் இடத்துக்கும் வித்தியாசம் வரம்பைத் தாண்டிவிட்டது, அவ்வளவுதான். (நிற்கும்போது வந்தால் 410.) ஏன் பின்தங்கியது என்பதை நாம்தான் தேட வேண்டும்.

ஒரு லேத்தில் எக்ஸ் ஆக்சிஸுக்கு டிரைவ், மோட்டார் இரண்டையும் மாற்றிவிட்டு, அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார்கள். ஆக்சிஸை மெதுவாக ஜாக் செய்தபடி (பட்டனை அழுத்தி நகர்த்தியபடி), மோட்டார் எவ்வளவு பளு இழுக்கிறது என்று காட்டும் லோடு மீட்டரைப் பார்த்தேன். 25 சதவீதத்தில் போய்க்கொண்டிருந்தது, குறிப்பிட்ட ஓர் இடம் வந்தால் மட்டும் 90-க்கு எகிறியது. இடம் பார்த்து வரும் கோளாறு பெரும்பாலும் மெக்கானிக்கல், இல்லையென்றால் கேபிள் செயினுக்குள் வளைந்து வளைந்து அறுந்த வயர். டிரைவுக்கு எந்த இடமும் ஒன்றுதானே! கவரைக் கழற்றினால் உள்ளே பொடிச் சிப்ஸ் (உலோகச் சீவல்) கெட்டியாக அடைந்து கிடந்தது, ஆயில் லைன் அடைத்து ஸ்லைடு வறண்டு போயிருந்தது.

மோட்டார் பக்கம் கோளாறே வராது என்று சொல்லவில்லை. கனெக்டரைக் கழற்றியதும் கூலன்ட் (வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் திரவம்) சொட்டி, பின்கள் பச்சை பூத்திருப்பதை எத்தனையோ முறை பார்த்தாயிற்று. மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைப்பதானால் கேபிளை டிரைவிலிருந்து பிரித்துவிட்டு வையுங்கள், 100 மெகாஓமுக்கு மேல் இருந்தால் கவலையில்லை, 1-க்குக் கீழே போனால் அந்த மோட்டார் ஆகாது. பிரிக்காமல் மெக்கர் போட்டு நல்ல டிரைவைக் கொன்ற கொடுமையும் நடக்கிறது. செங்குத்து ஆக்சிஸ் என்றால் பிரேக்கை நம்பி மோட்டாரில் கை வைக்காதீர்கள், முதலில் கீழே கட்டை முட்டுக்கொடுங்கள். ஆக்சிஸ் எங்கே இருக்கிறது என்று சொல்லும் என்கோடரின் பேட்டரியை மெஷின் ஆனில் இருக்கும்போதே மாற்றுங்கள், ஆஃப் செய்துவிட்டுக் கழற்றினால் ஹோம் பொசிஷன் (ஆக்சிஸின் தொடக்க இடம்) போய்விடும், 300-ஆம் அலாரம் வந்து நிற்கும்.

உங்கள் நாளிதழில் வாரம் ஓர் அலாரம் என்று எளிய தமிழில் விளக்கிப் போட்டால் என்ன? 436-இல் ஆரம்பிக்கலாம். மோட்டார் சூடாகும் அளவுக்குக் கரண்ட் இழுக்கிறது என்று கணக்குப் போட்டு வரும் அலாரம் அது. பிரேக் விடுபடாமல் பிடித்துக்கொண்டிருந்தாலும் வரும், அதற்கும் மோட்டாரைத்தான் கழற்றுகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு பராமரிப்பு டெக்னீஷியன்