விமானி செய்தது சரிதான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாரிஸுக்குப் புறப்பட்ட விமானம் சிறிது நேரத்திலேயே நம் மொரீஷியஸின் பிளேசான்ஸ் விமான நிலையத்துக்குத் திரும்பியது பற்றி ரோஸ் ஹில் ஊர் வாசகர் சென்ற இதழில் எழுதியிருந்தார். சரக்கறையில் தீ என்று காட்டியது பொய் எச்சரிக்கையாம். தங்கை மகளின் கல்யாணத்துக்குப் போய்ச் சேர முடியவில்லையாம். அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் "விமானி வீணாகப் பதறிவிட்டார்" என்று அவர் எழுதியதை, விமானப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என்னால் ஏற்க முடியவில்லை.

சரக்கறையின் புகை உணர்கருவிக்குள் ஓர் ஒளிக்கற்றை இருக்கும். புகைத் துகள் பட்டு அது சிதறினால், விமானி அறையில் சிவப்பு விளக்கு எரிந்து மணி அடிக்கும். தூசி பட்டாலும் பனிமூட்டம் போன்ற ஈரம் பட்டாலும் அதே ஒளி சிதறும். நவம்பர், டிசம்பரில் லிச்சிப் பெட்டிகள் ஐரோப்பாவுக்குப் போகும்போது சரக்கறையில் எவ்வளவு ஈரம் இருக்கும் என்பது ஏற்றி இறக்குபவர்களுக்குத் தெரியும்.

அது ஈரமா நெருப்பா என்று விமானிக்கு எப்படித் தெரியும்? பறக்கும்போது கீழே இறங்கிப் பார்க்க வழியில்லை. காற்றோட்டத்தை அடைத்து, தீயணைக்கும் ஹாலோன் வாயுவைத் திறந்துவிட்டு, அருகிலுள்ள தகுந்த விமான நிலையத்தில் இறங்க வேண்டும். அதற்குள் விளக்கு அணைந்துவிட்டாலும் பயணத்தைத் தொடரக் கூடாது. பெட்டிகளுக்கு நடுவே கனன்றுகொண்டிருக்கும் தீயை எந்த விளக்கும் முழுதாகக் காட்டாது.

1980 ஆகஸ்டில் ரியாத்திலிருந்து கிளம்பிய, சவுதி அரேபியாவின் சவுதியா நிறுவன விமானத்தில், புகை எச்சரிக்கை உண்மைதானா என்று சரிபார்ப்பதிலேயே நான்கு நிமிடத்துக்கு மேல் போனது. விமானம் திரும்பித் தரையிறங்கியும் யாரும் வெளியேறவில்லை. 301 பேரும் மாண்டார்கள். நம் தீவை நோக்கி வந்த தென்னாப்பிரிக்காவின் 'ஹெல்டர்பெர்க்' விமானத்தை இங்குள்ள மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1987 நவம்பர் 28 அன்று விடியுமுன், புகை வருவதாகப் பிளேசான்ஸுக்குச் சொன்ன விமானி தரையைத் தொடவே இல்லை. சரக்குப் பகுதியில் பற்றிய தீயால் விமானம் கடலில் விழுந்து 159 உயிர்கள் போயின.

வாசகர் கேட்க வேண்டியது விமான நிறுவனத்தைத்தான். உணர்கருவி ஏன் அடித்தது? அன்று ஏற்றிய சரக்கு என்ன? வெப்பத்தையும் சேர்த்துக் கவனிக்கும் புதிய உணர்கருவிகள் வந்துவிட்டனவே, அவற்றை எப்போது பொருத்துவார்கள்? பொய் எச்சரிக்கை அடிக்கடி வந்தால் உண்மையான எச்சரிக்கையையும் சந்தேகிக்கும் மனம் எந்த விமானிக்கும் வந்துவிடும். எனக்குள்ள பயம் அதுதான். திரும்பி வந்த பயணிகளுக்கு நடந்ததை ஒருவர்கூட விளக்கவில்லை என்றும் அவர் எழுதியிருக்கிறார். அது பெரிய குறை. அதை எழுத்தில் கேட்டு, வரும் பதிலை இதே பகுதியில் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்பாளர்,
மாயேபூர், மொரீஷியஸ்.