என் கால் சார்பாக ஒரு நன்றி

நீடாமங்கலம் கடைத்தெரு அன்பர்களுக்கும், டெப்போ நண்பர்களுக்கும், சொந்தபந்தங்களுக்கும் வணக்கம்.

நேற்று நர்ஸம்மா என் கால் புண்ணின் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "மூடிடுச்சுங்கய்யா, இனிமே கட்டு வேண்டாம்" என்றார். உள்கணுக்காலுக்கு மேலே, வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசாக, இளஞ்சிவப்பில் ஒரு தோல். தொட்டுப் பார்க்கக் கை வரவில்லை. 17 மாதம் ஆகியிருக்கிறது. எப்படி வந்தது, எங்கெல்லாம் அலைந்தேன் என்று மறுபடி சொல்லப் போவதில்லை. என் காலை விசாரிக்காத ஆள் இந்தத் தெருவில் கிடையாது. முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்த்தவர்கள்தான் எல்லாரும்.

நன்றி சொல்ல ஆரம்பித்தால் பட்டியல் வைத்தீஸ்வரன் கோயில் வரைக்கும் போகும். எனக்காகக் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வந்த என் தங்கைக்கு, முட்டையும் சுண்டலும் மாற்றி மாற்றிக் கொடுத்த மருமகளுக்கு, கட்டு கட்டிய கைகளுக்கு, சைக்கிளில் மருந்து கொண்டுவந்த மெடிக்கல் ஷாப் பையனுக்கு, எல்லாருக்கும் கும்பிடு. மஞ்சள், வேப்பிலை, ஏதோ ஒரு பச்சிலை என்று கொண்டுவந்து கொடுத்தவர்களுக்கும் நன்றிதான். அதையெல்லாம் அரைத்துப் பூசி, சுற்றிலும் இருந்த நல்ல தோலையும் அரித்துக் கொப்புளமாக்கிக்கொண்டது என் அவசரம், அவர்கள் குற்றம் இல்லை. முதல் வருஷம் ஓர் இடத்தில் கட்டுக்கட்டாக மாத்திரை கொடுத்தார்களே தவிர, ஏன் புண் ஆறவில்லை என்று யாரும் பார்க்கவில்லை. அந்தக் கதை இங்கே வேண்டாம்.

நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒருவருக்காக. நம்ம கடைத்தெரு சலூன்காரத் தம்பி. பேர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்; போடாமலே உங்களுக்குத் தெரியும்.

ரிட்டயர் ஆன நாளிலிருந்து காலையில் அங்கே போய்ப் பேப்பர் படிப்பது என் வழக்கம். தஞ்சாவூர் டாக்டர், "கால் நெஞ்சுக்கு மேலே இருக்கணும், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை, அரை மணி நேரமாவது" என்று சொன்ன பிறகு அங்கே போவதை விட்டுவிட்டேன். நாலு பேர் உட்காரும் பெஞ்சில் காலைத் தூக்கி எப்படி வைப்பது? பெரியவர் எதிரில் காலை நீட்டினாலே அடி விழுந்த வீட்டில் வளர்ந்தவன் நான். அப்புறம் அந்த வாடை. கட்டு நனைந்த நாட்களில் எனக்கே தெரியும். ஒரு நாள் பக்கத்தில் இருந்தவர் பேப்பரைப் புரட்டுகிற சாக்கில் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மறுநாளிலிருந்து நான் போகவில்லை.

பத்து நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, கடை லீவு நாளில் தம்பி வீட்டுக்கு வந்தார். "என்னண்ணே, ஷேவிங்கையும் நிறுத்திட்டீங்களா" என்று கேட்டுக்கொண்டே திண்ணையில் வைத்து முகத்தை வழித்துவிட்டார். காசு வாங்கவில்லை. நான் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார். "கடைல டெட்டாலும் பவுடரும் அடிக்கிற அடியில உங்க கால் வாடை எங்கண்ணே எடுபடும்? நாளைக்கு வாங்க."

போனேன். பின்பக்க மூலையில், தூக்கிப் போட்டிருந்த பழைய இரும்பு நாற்காலி உட்கார்ந்திருந்தது. கிழிந்த சீட்டுக்குப் புது ரெக்சின். நன்றாகப் பின்னால் சாய்த்து, எதிரே ஒரு ஸ்டூல், அதன் மேல் இரண்டு தலையணை, மேலே துவைத்த துண்டு. ஆனால் நான் அசந்துபோனது அதற்கு இல்லை. நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டிருந்தார். என் கால் யாரையும் பார்த்து நீளாது. சுவரில் ரசம் போன ஒரு கண்ணாடியை மாட்டியிருந்தார். அதில் கடை முழுக்கத் தெரிந்தது; வருகிறவர், போகிறவர், வாசலில் நிற்கிற சைக்கிள்கூட. நான் கண்ணாடியைப் பார்த்தே பேசுவேன், அவர்களும் கண்ணாடியைப் பார்த்தே பதில் சொல்வார்கள். டாக்டர் சொன்னதை அப்படித்தான் என்னால் கேட்க முடிந்தது. வீட்டில் படு என்றால் யார் படுப்பது?

தம்பியின் கையில் கத்தி, கண் அடுத்தவர் கழுத்தில். அதனால் பேப்பரைச் சத்தமாகப் படித்துச் சொல்வது என் வேலை ஆனது. மேட்டூர் நீர்மட்டம் முதலில், மற்றதெல்லாம் அப்புறம்.

கால் புண் என்றாலே சர்க்கரைதான் என்று நினைக்கிறோம். எனக்குச் சர்க்கரை இல்லை. 31 வருஷம் பஸ்ஸில் நின்ற கால். கால் ரத்தத்தை மேலே ஏற்றும் ரத்தக்குழாயில் சின்னச் சின்னக் கதவுகள் உண்டாம். அவை பழுதானால் ரத்தம் கீழேயே தேங்கும், தோல் கறுக்கும், சின்னச் சிராய்ப்புகூட ஆறாது. வடிகால் தூர்ந்த வயலில் சம்பாப் பயிர் அழுகுகிற கதைதான். மேலே எதைத் தெளித்தால் என்ன, தண்ணீரை வடித்தால்தானே? அழுத்தக் கட்டு செய்தது அந்த வடிப்பு வேலையை. ஆனால் கையிலும் கணுக்காலிலும் பிரஷர் பார்த்து, பாதத்துக்கு ரத்தம் ஒழுங்காக இறங்குகிறது என்று தெரிந்த பிறகுதான் அதைக் கட்டினார்கள். இறங்காத காலை இறுக்கினால் காலுக்கே ஆபத்து. என்னைப் பார்த்து யாரும் வீட்டில் தானாகச் சுற்றிக்கொள்ள வேண்டாம்.

டெப்போத் தம்பிகளுக்கு ஒன்று. நம்ம ரயில்வே கேட்டு மூடினால் எவ்வளவு நேரம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நேரத்தில் படியில் சாய்ந்து நிற்காதீர்கள். இறங்கி நடங்கள். ஆடுதசை அசைந்தால்தான் ரத்தம் மேலே ஏறும். சாயங்காலம் கணுக்கால் வீங்கினால் அப்போதே டாக்டரிடம் காட்டுங்கள், என்னை மாதிரி வேட்டியால் மூடிக்கொண்டு திரியாதீர்கள்.

இனி ஆயுசுக்கும் இறுக்கமான காலுறை. காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்னால் போட்டுவிட வேண்டும். இன்று முதல் நாள். மாட்டுவதற்குள் கால் மணி நேரம் ஆனது, மருமகள் சிரித்துவிட்டாள்.

ரெக்சின் செலவையாவது வாங்கிக்கொள் என்று தம்பியிடம் நேற்று கேட்டேன். "நாற்காலி அங்கேயே கிடக்கட்டும்ணே, பேப்பரை யார் படிக்கிறது?" என்றார். இன்று செவ்வாய், கடை லீவு. இதை எழுத அதனால்தான் நேரம் கிடைத்தது. நாளைக்கு வந்துவிடுகிறேன் தம்பி.

அன்புடன்,
ஓய்வுபெற்ற நடத்துநர், நீடாமங்கலம்