பாகவதர் வழக்கும் ரசிகர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கைப் பற்றி எழுதுவோர் பலரும், 1945-ல் பாடகரும் திரை நடிகருமான எம்.கே. தியாகராஜ பாகவதருக்கும் நகைச்சுவை நடிகர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையை விரிவாகச் சொல்லிவிட்டு, அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் மேல்முறையீட்டை மீண்டும் விசாரிக்கப் பணித்ததையும், 1947 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அப்ரூவரின் (குற்றத்தில் பங்கை ஒப்புக்கொண்டு அரசுத் தரப்புச் சாட்சியாக மாறியவரின்) சாட்சியத்தை நம்ப மறுத்து இருவரையும் விடுவித்ததையும் ஒரே வரியில் கடந்துவிடுவது, பாகவதரின் ரசிகன் என்ற முறையில் எனக்கு வருத்தமளிக்கிறது.

அதே நேரத்தில், 'இப்படிப் பாடுகிறவர் கொலைக்குத் துணை போவாரா?' என்று எங்களில் சிலர் கேட்பதையும் நான் ஏற்பதற்கில்லை. பாட்டு சாட்சியம் ஆகாது. அவரை விடுவித்தது மேல்முறையீடுதான். வழக்குதான் அவருடைய திரைவாழ்வை முடித்தது என்பதும் முழு உண்மையாகத் தோன்றவில்லை. விடுதலைக்குப் பின் வந்த அவருடைய 'ராஜமுக்தி' படம் தோல்வியடைந்தது. அதே வழக்கில் விடுதலையான கலைவாணரோ மீண்டும் வெற்றிப் படங்களைத் தந்தார்.

1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு இறந்த லட்சுமிகாந்தனைப் பொறுத்தவரை, அவர் அவதூறுப் பத்திரிகை நடத்தியவர் என்பதற்கு மேல் ரசிகர்கள் ஒரு வரி எழுதி நான் கண்டதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி