யாரைப் படிப்பது என்று சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வாசகர் கவிதைப் பக்கத்தில், பிளஸ் டூ மாணவி ஒருத்தியின் கவிதைக்குக் கீழே, ‘உரைநடையை மடக்கிப் போட்டால் கவிதை ஆகிவிடாது, முதலில் நிறையப் படியுங்கள்’ என்று தங்கள் கவிதைப் பொறுப்பாளர் குறிப்பு எழுதியிருக்கிறார். அவள் என்னிடம் தமிழ் படித்தவள். இதழை யார் கண்ணிலும் படாமல் ஒளித்து வைத்திருக்கிறாள் என்று அவளுடைய அம்மா வந்து சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது.

அந்தக் கவிதையைத் தயவுசெய்து மறுபடியும் பாருங்கள். முதல் வரிகளில் நிலவு, கண்ணீர், இதயம். எல்லோரும் எழுதுவதுதான், எடுத்துவிடு என்று நானே சொல்லியிருப்பேன். ஆனால் ‘அப்பா ஆட்டை விற்றுவிட்டார் / கயிறு மட்டும் தூணில்’ என்று முடிக்கிறாளே, அது அவள் கண்ணால் கண்டது. ‘நிலவை விடு, கயிற்றிலிருந்து தொடங்கு’ என்று எழுத எவ்வளவு இடம் பிடிக்கும்? நிறையப் படி என்றால் யாரைப் படிப்பாள்? எங்கள் கிளை நூலகத்தில் போட்டித் தேர்வுப் புத்தகங்களுக்கு நடுவே கவிதையைத் தேடித்தான் எடுக்க வேண்டும். ஒரு கவிஞர் பெயரையாவது சொல்லியிருக்கலாம்.

‘மடக்கிப் போட்ட உரைநடை’ என்ற இந்த ஏச்சு ஒன்றும் புதியதல்ல. 1959-இல் எழுத்தாளர் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கி, யாப்பை விட்டு எழுதிய புதியவர்களுக்கு இடம் கொடுத்தபோது அவர்கள் காதிலும் இதுதான் விழுந்தது. அவர் அசரவில்லை, 1962-இல் ‘புதுக்குரல்கள்’ என்று அவர்கள் கவிதைகளுக்குத் தொகுப்பே போட்டார். திருநெல்வேலியில் இருந்துகொண்டு விமர்சகர் தி.க.சி. இளம் எழுத்தாளர்களுக்கு அஞ்சலட்டை எழுதிக்கொண்டே இருந்தார். தாங்கள் அறியாததா?

பழைய மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். முன்பு நான் அனுப்பிய வெண்பாவின் ஈற்றுச் சீரில் ஓர் அசையைக் கூட்டி அச்சிட்டீர்கள். வெண்பா முடிய வேண்டிய நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் எதிலும் அடங்காமல் அது வெண்பாவாகவே இல்லை. திருத்தம் கேட்டு எழுதினேன், பதில் இல்லை. தபால்தலை ஒட்டி வைத்து அனுப்பிய உறைகளும் திரும்பவில்லை. நான் வயதானவள், பொறுத்துக்கொண்டேன். பதினேழு வயதுப் பெண் ஏன் பொறுக்க வேண்டும்?

பொய்யாகப் பாராட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. பள்ளி விழாக்களுக்கு நடுவர்களாக வந்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் ‘அருமை, அருமை’ என்று சொல்லிச் சால்வை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் மீதும் எனக்கு இதே கோபம் உண்டு. எந்த வரி நிற்கிறது, எந்த வரி நிற்கவில்லை என்று அவர்களும் சொல்வதில்லை. பிள்ளை வீட்டுக்குப் போய் மறுபடியும் நிலவைத்தான் எழுதுகிறது.

அடுத்த இதழில் அந்தக் கடைசி இரண்டு வரிகள் நன்றாக இருந்தன என்று குறிப்பிட்டு, அவள் படிக்கத்தக்க இரண்டு கவிஞர்களின் பெயரையும் சேர்த்து வெளியிடுங்கள். பக்கத்தில் இடமில்லை என்றால் ஓர் அஞ்சலட்டையில் அவளுக்கு எழுதிவிடுங்கள். முகவரி தங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
கோவில்பட்டி.