டிஏபி வரிசையில் வீட்டுக்காரர்

லூதியானா,
நவம்பர் 14

அன்புள்ள முருகேசா,

அரசு மண்ணைச் சோதித்துத் தந்த மண்வள அட்டையைப் பார்த்து உரம் போடலாமா என்று கேட்டிருந்தாய்; பதில் போடாததற்குத் திட்டியிருப்பாய். மிச்சம் இருந்தால் நேரில் திட்டு. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. கோபாலன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் எலி விவகாரத்தை யாரும் கிளப்பவில்லையே?

இப்போது கோதுமை விதைப்புக் காலம். எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் சர்தார்ஜிக்கும் அவர் மகனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் டிஏபி, மணிச்சத்துக்காக (பாஸ்பரஸ்) போடும் உரம். பையன் மண் பரிசோதனை செய்து முடிவைக் கொண்டுவந்தான்: மண்ணில் ஏற்கெனவே உள்ள மணிச்சத்து ஏக்கருக்கு 24 கிலோ. இங்குள்ள அளவுகோலில் 9 கிலோவைத் தாண்டினாலே 'அதிகம்'. பல வருடம் உருளைக்கிழங்குக்குக் கொட்டியது எங்கே போகும்? மண்ணில்தான் கிடக்கிறது. ஆனால் அப்பா விடியற்காலையிலேயே போய் டிஏபி வரிசையில் நிற்கிறார்! மூட்டை 1,350 ரூபாய், அதுவும் கிடைத்தால்.

நடுவர் பதவி என் தலையில் விழுந்தது. பெரியவரிடம் ஏன் என்று கேட்டேன். "டிஏபி போடாத வயலில் பயிர் வெளுத்துப் போகும், கண்ணால் பார்த்திருக்கிறேன்" என்றார். பார்த்தது பொய்யில்லை, முருகேசா. 55 கிலோ டிஏபியில் 25 கிலோ மணிச்சத்தோடு 10 கிலோ தழைச்சத்தும் (நைட்ரஜன்) இருக்கிறதல்லவா? அவர் கண்ட பச்சை அந்தப் பத்து கிலோவின் வேலை. விதைப்பின்போது 20 கிலோ யூரியா போட்டால் அது ஈடாகிவிடும். சொன்னேன். தலையாட்டினார். மறுநாளும் வரிசைக்குப் போனார்.

பையன் செய்வது வேறு அபத்தம். அதே தாளில் அங்ககக் கரிமம், அதாவது மண்ணில் மக்கியவற்றின் கரிமம், 0.35 சதவீதம், 'குறைவு' என்று இருக்கிறது. குறைவென்றால் தழைச்சத்தைப் பரிந்துரைக்கு மேல் கால்பங்கு கூட்டு என்பது உர அட்டவணை. ஏக்கருக்கு 50 கிலோ தழைச்சத்தை 62 ஆக்கப்போகிறேன் என்று நிற்கிறான். இங்கேதான் எனக்கு அட்டவணையோடு சண்டை. மணிச்சத்தையும் சாம்பல் சத்தையும் (பொட்டாசியம்) பொறுத்தவரை பரிசோதனையை நம்பலாம். அவை இருந்த இடத்தில் இருப்பவை. தழைச்சத்து அப்படியா? கரிமத்தை அளந்து அதை ஊகிக்கிறோம். தண்ணீரும் குளிரும் அந்த ஊகத்தை எப்படியும் திருப்பிவிடும். முதல் பாசனத்தோடு ஒரு பங்கு யூரியா கொடு, இரண்டாம் பாசனத்துக்கு முன் இலையின் பச்சையை ஒப்பிட்டுத் தழைச்சத்து வேண்டுமா என்று காட்டும் இலை வண்ண அட்டையை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கு என்றேன். மிகையாகப் போட்டால் மார்ச் காற்றில் பயிர் படுத்துவிடும். அறுவடை இயந்திரக்காரர் வாயில் விழவேண்டும்.

1967-ல் மண்ணியல் விஞ்ஞானி பி. ராமமூர்த்தியும் கூட்டாளிகளும் சொனோரா 64 கோதுமைக்கு, எத்தனை விளைச்சல் வேண்டும் என்று முதலில் முடிவுசெய்து, மண்ணில் இருப்பதைக் கழித்து உரம் கணக்கிட்டார்களே, நினைவிருக்கிறதா? தேர்வில் அந்தச் சமன்பாட்டை என் தாளைப் பார்த்துத்தானே எழுதினாய்! சர்தார்ஜி இலக்கு எதுவும் வைப்பதில்லை. பக்கத்து வயலைவிட ஒரு மூட்டை கூடுதல், அவ்வளவுதான்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். உன் மண்வள அட்டையை அப்படியே பின்பற்றாதே. பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்பதுதான் அந்தத் திட்டத்தின் கணக்கு. அந்த மண் உன் வயலுடையதா, உன் பங்காளியுடையதா, யார் கண்டது? சம்பா அறுத்ததும் நீயே எடு. வரப்போரம், மரநிழல், எருக்குவி கிடந்த இடம் எல்லாம் விட்டு, ஏழெட்டு இடத்தில் அரையடி ஆழத்துக்கு 'வி' போல வெட்டி, ஓரத்திலிருந்து சீராகச் சுரண்டு. கலந்து, நான்காகப் பிரித்துக் கழித்துக் கழித்து அரைக் கிலோவாக்கு. நிழலில் உலர்த்து. மணிச்சத்து அதிகம் என்று வந்தால் குறுவைக்கு டிஏபி வாங்காதே, அந்தக் காசில் பசுந்தாள் விதை வாங்கு.

மாதிரியைப் பழைய உரச்சாக்கில் கட்டி அனுப்பிவிடாதே. நீ செய்யக்கூடியவன்.

அன்புடன்,
சேது