25 புள்ளி லீட் போன பிறகு: நண்பனுக்கு ஒரு கடிதம்

கேரி, வட கரோலினா
மே 2022

அன்பு மாப்ள,

உன் மெயில் வந்தது. அம்மா மூட்டு ஆபரேஷன் முடிந்து, வாக்கர் இல்லாமல் வாசல் வரை நடக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு லேசாகிவிட்டது. பெரியவளுக்குப் பத்தாவது பரீட்சை நடக்கிறதாமே, கணக்குப் பேப்பர் எப்படி எழுதினாள் என்று சொல். இங்கே எல்லோரும் சுகம். மாமனார் மாமியார் இரண்டு வருடம் கழித்து ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டார்கள். வீட்டில் மறுபடி தோசைக்கல் சத்தம் கேட்கிறது.

இதெல்லாம் சரி. மெயிலின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி போட்டிருக்கிறாயே, அதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மார்ச்சில் நடந்த கல்லூரிக் கூடைப்பந்துச் சாம்பியன்ஷிப்பில் நம் வட கரோலினா டீம் பெய்லர் பல்கலைக்கழகத்தோடு ஆடி ஜெயித்ததை வெற்றியாகவே நீ எடுத்துக்கொள்ளவில்லை, தப்பிப் பிழைத்தார்கள், அவ்வளவுதான், அப்புறம் கான்சஸிடம் தோற்ற ஃபைனலில் குட்டு வெளிப்பட்டுவிட்டது என்கிறாய். வட கரோலினா பல்கலைக்கழகம் இருக்கும் சேப்பல் ஹில்லில் ஒன்றாகப் படித்து, ஒரே அறையில் இருந்து, ஒரே நீலச் சட்டையை மாற்றி மாற்றிப் போட்ட நீயே இப்படி எழுதினால் எப்படி?

இங்கேயும் அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. ஆபீஸில் நம் பரம எதிரியான டியூக் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் பாதிப் பேர். அவர்களுடைய பயிற்சியாளர் கோச் கே-யின் கடைசி ஹோம் மேட்சிலும் நம்மிடம் தோற்று, அப்புறம் ஃபைனல் ஃபோர் என்கிற கடைசி நான்கு டீம் சுற்றிலும் நம்மிடமே 81-77 என்று தோற்ற வருத்தம் அவர்களுக்குப் போகவில்லை. அவர்கள் எதைச் சொன்னாலும் நான் கேட்டுக்கொள்வேன். ஆனால் நம்முடைய ஆட்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஜெயித்தால் ஜெயித்ததுதான் என்பது ஒரு கட்சி. உன்னைப்போல் 25 புள்ளியைத் தொலைத்த டீமுக்கு என்ன கொண்டாட்டம் என்பது இன்னொன்று. நடுவில் ரெஃப்ரிகளை மட்டும் திட்டிக்கொண்டிருக்கும் ஒரு கூட்டமும் உண்டு.

நீ அந்த மேட்சை முழுதாகப் பார்க்கவில்லை, ஸ்கோரை மட்டும்தான் பார்த்தாய் என்று நினைக்கிறேன். அதனால் நடந்ததைச் சொல்கிறேன்.

மார்ச் 19, சனிக்கிழமை மதியம். இடம் டெக்சஸில் ஃபோர்ட் வொர்த். பெய்லர் இருக்கும் வேக்கோ அங்கிருந்து ஒன்றரை மணி நேர டிரைவ்தான், ஆகவே கூட்டம் யார் பக்கம் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். அவர்கள் முதல் சீட், அதாவது தரவரிசையில் முதல் இடம், போன வருட சாம்பியன். நாம் எட்டாவது சீட். பிப்ரவரியில் பிட்ஸ்பர்க்கிடம் சொந்த ஊரிலேயே தோற்றவர்கள் நாம். ஹியூபர்ட் டேவிஸ் கோச்சாக உட்கார்ந்த முதல் வருடம். அப்படிப்பட்ட நாம் அன்று ஆடிய முதல் அரை மணி நேரத்தைப் போல் நான் வெகு காலமாகப் பார்த்ததில்லை. ஆர்.ஜே. டேவிஸ் தொட்டதெல்லாம் உள்ளே போனது. ஓக்லஹோமாவிலிருந்து வந்த அந்தத் தாடிக்காரன் பிரேடி மேனெக் 26 புள்ளி எடுத்துவிட்டான். 10 நிமிடம் 8 விநாடி பாக்கி. ஸ்கோர் 67-42.

அங்கேதான் எல்லாம் மாறியது. ரீபவுண்டுக்கான தள்ளுமுள்ளில் மேனெக்கின் முழங்கை பெய்லர் பையன் ஜெரமி சோகன் முகத்தில் பட்டது. ரெஃப்ரிகள் மானிட்டரில் ஓட்டி ஓட்டிப் பார்த்தார்கள். ஃபிளேக்ரன்ட் 2, அதாவது மிக மோசமான ஃபவுல், வெளியே போ என்று சொல்லிவிட்டார்கள். முழங்கை பட்டது உண்மை, வேண்டுமென்று இடித்ததாக எனக்குப் படவில்லை. என் மகனோ அது சரியான தீர்ப்புதான் என்று இன்றைக்கும் சாதிக்கிறான். எது எப்படியோ, அன்றைக்கு அதிகம் சுட்டவன் போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் கேலப் லவ் ஐந்தாவது ஃபவுல் வாங்கி, இனி ஆட முடியாமல் அவனும் பெஞ்சுக்குப் போனான்.

பெய்லர் முழு மைதானத்துக்கும் பிரஸ் போட்டார்கள். பந்தை உள்ளே எறிந்த உடனே இரண்டு பேர் வந்து சைடு லைனோரம் மடக்கினார்கள். பிரஸ்ஸை உடைக்க நடுவில் ஒருவன் நின்று பந்தை வாங்கித் திருப்பிவிட வேண்டும். நம் பையன்கள் மூலைக்கு மூலை எறிந்து மாட்டிக்கொண்டார்கள். பந்தைக் கொண்டுபோகத் தெரிந்த கார்டு ஆர்.ஜே. ஒருவன்தான் மிச்சம், அவன் மேல்தான் எல்லாக் கையும் விழுந்தது. அந்தக் கைகளில் பாதிக்காவது ஃபவுல் ஊதியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் நம் பையன்கள் பிரஸ்ஸை மோசமாகக் கையாண்டார்கள் என்பதும் உண்மை, அதை நான் மறைக்கவில்லை. 16 விநாடி சுமாருக்கு இருக்கும்போது ஜேம்ஸ் அகின்ஜோ உள்ளே பாய்ந்து, அடிபட்டபடியே கூடையில் போட்டு, ஃப்ரீ த்ரோவையும் போட்டான். 80-80. அந்தப் பத்து நிமிடத்தில் அவர்கள் 38, நாம் 13. டிவி முன்னால் உட்கார முடியாமல் நான் சமையலறைக்கும் ஹாலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

உன் வாதம் முழுக்க இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. இதற்கு அப்புறம் ஐந்து நிமிடம் ஆட்டம் இருந்தது, மாப்ள.

அந்த ஓவர்டைம் தொடங்கும்போது நம் நிலைமையை யோசித்துப் பார். ஆரம்பத்தில் இறங்கிய ஐவரில் இரண்டு பேர் இல்லை. எதிரில் நடப்புச் சாம்பியன். 25 புள்ளி கையை விட்டுப் போயிருக்கிறது, கூட்டம் கூரையைப் பிய்க்கிறது. உலகத்தில் எந்த டீமும் உடைந்துபோகிற நேரம் அது. முதல் வருடப் பையன் டான்ட்ரெஸ் ஸ்டைல்ஸ், பெஞ்சிலிருந்து வந்தவன், தயங்காமல் தூரத்திலிருந்து ஒரு த்ரீ, மூன்று புள்ளி, போட்டான். அப்புறம் ஆர்.ஜே. ஆட்களுக்கு நடுவே புகுந்து, இடிபட்டுக்கொண்டே போர்டில் தட்டிப் போட்டான் பார், அதைத் தனியாக எடுத்துப் பார். அத்தனை நேரம் இரண்டு இரண்டு பேராக மடக்கிய அதே பையன், மொத்தம் 30 புள்ளி. ஓவர்டைமில் மட்டும் 13-6. முடிவு 93-86.

ஒன்று கேட்கிறேன். இதே மேட்சில் நாம் ஆரம்பத்திலிருந்து 10 புள்ளி பின்னால் இருந்து, மேனெக்கும் லவ்வும் இல்லாமல் 80-80க்கு இழுத்துவந்து, ஓவர்டைமில் ஜெயித்திருந்தால் நீ என்ன எழுதியிருப்பாய்? வீரம் என்று நாலு பக்கம் எழுதியிருப்பாய். ஸ்கோர் அதே, எதிரி அதே, களத்தில் நின்ற பையன்கள் அதே. லீட் முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்பதை வைத்து வெற்றியின் தரத்தைக் குறைப்பது எனக்கு ஞாயமாகத் தெரியவில்லை.

அப்புறம் அந்த 25 புள்ளி. அது பத்திரமான லீட் என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம், நிஜத்தில் இல்லை. பேஸ்பால் புள்ளிவிவரத்துக்குப் பேர்போன பில் ஜேம்ஸ் 2008இல் கல்லூரிக் கூடைப்பந்துக்கு ஒரு கணக்கு சொன்னார். லீடிலிருந்து மூன்றைக் கழி. பந்து உன் கையில் இருந்தால் அரை கூட்டு, இல்லையென்றால் அரை கழி. வருவதை வர்க்கமாக்கு. அது பாக்கி இருக்கும் விநாடிகளைவிட அதிகமென்றால் லீட் பத்திரம். மேனெக் போன நேரத்துக்குப் போட்டுப் பார்: பந்து பெய்லருக்கு, ஆக 21.5, வர்க்கம் 462 சொச்சம். பாக்கி இருந்ததோ 608 விநாடி. பத்திரம் என்று சொல்ல 29 புள்ளி வேண்டும். ஃபைனலில் கான்சஸுக்கு எதிராக இடைவேளையில் 40-25 என்று இருந்தோமே, அந்த 15க்கு, அரையை விட்டுவிட்டுப் பார்த்தால், வருவது வெறும் 144, பாக்கி 1200 விநாடி. அங்கே நாம் ஜெயித்துவிட்டதாக யாரும் நினைத்திருக்கவே கூடாது.

நம் பழைய கோச் டீன் ஸ்மித் காலமாக இருந்தால் கதை வேறு. ஃபோர் கார்னர்ஸ் போட்டு, நாலு மூலைக்கு நாலு பேரை நிறுத்தி, சுடாமலே பந்தைக் கை மாற்றிக்கொண்டு நேரத்தைக் கரைத்திருப்பார். 1982இல் நம் லீகான ஏசிசி-யின் ஃபைனலில் வர்ஜீனியாவை 47-45 என்று முடித்த மேட்ச் அப்படித்தான். அந்த மாதிரி மேட்ச்களால்தான், இத்தனை விநாடிக்குள் சுட வேண்டும் என்கிற ஷாட் கிளாக்கே வந்தது, 1985-86 சீசனில் 45 விநாடி. அடுத்த சீசனில் த்ரீ பாயின்ட் கோடு. 2015 முதல் ஷாட் கிளாக் 30 விநாடிதான். பந்தை வைத்துக்கொண்டு லீடைக் காப்பாற்றுகிற வழியை அடைத்தாயிற்று, துரத்துகிறவனுக்கு மூன்று மூன்றாக எடுக்கிற வழியைத் திறந்தாயிற்று. இன்றைய ஆட்டத்தில் பெரிய லீட் கரைவது அவமானம் ஒன்றும் இல்லை.

கணக்கைத் தாண்டியும் நடக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 1974 மார்ச் 2, கார்மைக்கேல் அரங்கம். டியூக் எட்டு புள்ளி முன்னால், பாக்கி 17 விநாடி, த்ரீ பாயின்டரே இல்லாத காலம். ஜேம்ஸ் கணக்குப்படி அது 20.25, அதாவது பத்திரமான லீட். அதையும் எட்டிப் பிடித்து, கடைசி நொடியில் வால்ட்டர் டேவிஸ் தூரத்திலிருந்து போர்டில் பட்டு விழுகிற மாதிரி எறிந்து சமன் செய்தார். ஓவர்டைமில் 96-92, நம் பக்கம். அந்த வால்ட்டர் நம் ஹியூபர்ட்டுக்குச் சித்தப்பா. அந்த மேட்சை இங்கே ஐம்பது வருடமாகக் கொண்டாடுகிறோம். பெய்லர் அன்றைக்குச் செய்ததும் அதேதான், ஆனால் அவர்களால் ஓவர்டைமை ஜெயிக்க முடியவில்லை. நாம் ஜெயிக்கவிடவில்லை என்று சொல்வதுதான் சரி.

ஃபைனலில் குட்டு வெளிப்பட்டது என்கிறாயே, அங்கே நடந்தது வேறு. பெய்லர் மேட்சில் பிரஸ். கான்சஸ் மேட்சில் உடம்பு. ஆர்.ஜே., லவ், லீக்கி பிளாக், மேனெக், பாக்கட் என்று ஐந்தே பேர் வாரக்கணக்கில் பெரும்பாலான நிமிடங்களை ஆடினார்கள். இங்கே அவர்களுக்கு ‘அயர்ன் ஃபைவ்’ என்றே பேர். டியூக் மேட்சில் கணுக்காலை மடக்கிக்கொண்ட அர்மாண்டோ பாக்கட், இரண்டே நாளில் கான்சஸுக்கு எதிராக 15 புள்ளி, 15 ரீபவுண்டு எடுத்தான். கடைசி நிமிடத்தில், ஒரே ஒரு புள்ளி பின்னால் இருக்கும்போது, பந்தோடு உள்ளே திரும்பினான். அதே கால் மடங்கியது. பந்து போனது, எழுந்து நொண்டிக்கொண்டே திரும்பி ஓடப் பார்த்தான். என் மாமியாருக்கு இந்த ஆட்டத்தில் ஒன்றும் தெரியாது, அந்த ரீப்ளேயைப் பின்னாளில் பார்த்துவிட்டு ‘ஐயோ பாவம் பிள்ளை’ என்றார். அப்படியும் கடைசி விநாடிகளில் லவ்வுக்கு ஒரு த்ரீ கிடைத்தது, அது விழவில்லை. 72-69. அவர்களுக்கு மனசு தளர்ந்தது என்று நீ சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெஞ்ச் ஆழம் போதவில்லை என்று சொல், ஒத்துக்கொள்கிறேன். பஃப் ஜான்சன் வந்து 11 புள்ளி எடுத்தான், அவனைப் போல இன்னும் ஒருவன் வேண்டியிருந்தது.

பெய்லர் வெற்றி இல்லாமல் டியூக் மேட்சும் இல்லை, சேப்பல் ஹில் ஃபிராங்க்ளின் தெருவில் அன்றிரவு ஆயிரக்கணக்கில் பையன்கள் கூடிய கூத்தும் இல்லை. இதையெல்லாம் தப்பிப் பிழைத்தது என்ற ஒரே சொல்லில் போட்டு மூடாதே.

இனி வருகிற சேதி: மேனெக்கைத் தவிர நால்வரும் அடுத்த வருடமும் ஆடுகிறார்கள். ஃபைனல் ஃபோர் 2023 ஏப்ரலில், ஹூஸ்டனில். உன் தங்கச்சி வீடு அங்கேதானே? வேலை விஷயமாக அமெரிக்கா வர வேண்டியிருக்கும் என்று எழுதியிருந்தாய், அதை அந்த வாரத்துக்குத் தள்ளிப் போட முடியுமா பார். டிக்கெட் நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு முன், பெய்லர் மேட்சின் கடைசிப் பதினைந்து நிமிடத்தையும் ஓவர்டைமையும் முழுசாக உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுது. அப்போதும் உன் அபிப்பிராயம் மாறவில்லை என்றால் ஏன் என்று விவரமாகச் சொல், நேரில் சண்டை போடுவோம்.

அம்மாவை ஒரு நாளும் பிசியோதெரபியை விடவேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். உன் வீட்டம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்
பழைய ரூம்மேட்